திரைப்பட விருதுகளில் ரசிகர் வழக்கு: ஒரு வரலாற்று நோக்கு

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடல் இருமுறை மதிப்பிடப்படுகிறது. முதலில் சோழ மன்னன் அவளுக்குத் தலைக்கோற் பட்டமும் மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளிக்கிறான். பின்னர் அதே மாலை நகர இளைஞர் திரியும் வீதிக்குக் கூனியின் கையில் வந்து விலை பேசப்படுகிறது. முன்னது அரசு மதிப்பீடு. பின்னது அங்காடி மதிப்பீடு. இவற்றிற்கிடையே, அன்று அந்த அரங்கின் முன் அமர்ந்து ஆடலைக் கண்ட ஊரார் வீடு திரும்பும் வழியில் என்ன பேசினர் என்பதைக் காப்பியம் கூறவில்லை. இளங்கோவடிகளின் நோக்கம் வேறு. ஆகவே அது குறையன்று. ஆயினும் கலை மதிப்பீட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அந்த மௌனம் ஒரு வினாவாக நிற்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்டோர் சுவையைக் கூத்தனிடம் மட்டும் நிறுத்தாமல் காண்போர்வரை கொண்டு சென்றனர். காண்போன் இன்றிச் சுவை நிறைவுறாது என்னும் கொள்கை நமக்குப் பழையது. அவ்வாறாயின், இருபதாம் நூற்றாண்டின் பெருங்கலையான திரைப்படத்திற்கு விருது வழங்கும் முறை இந்தியாவில் வேரூன்றியபோது, காண்போனுக்கு அதில் என்ன இடம் தரப்பட்டது? ஆண்டுதோறும் விருதுப் பட்டியல் வெளிவந்தவுடன் தேநீர்க் கடைகளிலும் விடுதி அறைகளிலும் பத்திரிகைக் கேள்வி - பதில் பகுதிகளிலும் எழும் வாதங்களைப் பொழுதுபோக்கு அரட்டை என்று ஒதுக்குவது ஆய்வுலகின் வழக்கம். அவ்வாதங்கள் ஒரு வகைத் திறனாய்வு என்பதும், அவற்றுள் சில விருதுகளின் அமைப்பு மாறுவதற்கு முன்பே மாற்றத்தின் தேவையைச் சொல்லிவிட்டன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. ரசிகரை வாக்காளராக மட்டும் கொண்ட இடங்களில் அவர் குரல் எண்ணிக்கையாகச் சுருங்கியது என்பதையும் இங்கே காட்ட முற்படுகிறேன்.

1954: இரு தொடக்கங்கள்

இந்தியத் திரைப்பட விருதுகளில் மிகப் பழையவற்றை வழங்கியது 1937ஆம் ஆண்டு தோன்றிய வங்காளத் திரைப்பட இதழாளர் சங்கம். ஆயினும் நாடு முழுவதும் அறியப்பட்ட விருதுகளின் தொடக்கம் 1954ஆம் ஆண்டே. அவ்வாண்டு மார்ச் 21ஆம் நாள் பம்பாய் மெட்ரோ திரையரங்கில் ஃபிலிம்ஃபேர் இதழின் முதல் விருது விழா நடைபெற்றது. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழின் திரை விமர்சகர் கிளேர் மென்டோன்சாவின் நினைவாக அவ்விருதுகள் முதலில் 'கிளேர்' என அழைக்கப்பெற்றன. படம், இயக்குநர், நடிகர், நடிகை, இசையமைப்பாளர் என ஐந்தே விருதுகள். வெற்றியாளரைத் தேர்ந்தவர்கள் அவ்விதழின் வாசகர்கள். அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்திய அரசின் முதல் திரைப்பட விருதுகள் வழங்கப்பெற்றன. எஸ்.கே. பாட்டீல் தலைமையில் அமைந்த திரைப்பட விசாரணைக் குழு 1951ஆம் ஆண்டு அளித்த பரிந்துரைகளின் பின்னணியில் அவை பிறந்தன. அவற்றிற்குத் தேர்வுக் குழுக்கள் இருந்தன. வாசகரோ பார்வையாளரோ அங்கு இல்லை.

ஒரே ஆண்டில் ஒருபுறம் வாசகர் தேர்வு, மறுபுறம் அரசுக் குழுவின் தேர்வு. வாசகர் மலிவானதையும் குழு உயர்ந்ததையும் தேர்ந்திருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது அவ்வாறன்று. வாசகர்கள் சிறந்த படமாகத் தேர்ந்தது பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்'. நிலத்தை மீட்கக் கல்கத்தா சென்று கைரிக்சா இழுக்கும் உழவனின் கதை அது. அரசுக் குழு தங்கப் பதக்கத்தை ஆச்சார்ய அத்ரேயின் மராத்திப் படமான 'சியாம்ச்சி ஆயி'க்கு வழங்கி, 'தோ பீகா ஜமீன்' படத்திற்கு அகில இந்தியத் தகுதிச் சான்றிதழ் அளித்தது. சிறந்த ஆவணப்படத்திற்கான விருது பெற்றது 'மகாபலிபுரம்' என்பது தமிழர்க்கு உவப்பான இடைக்குறிப்பு. ஆக, தொடக்க ஆண்டில் வாசகர் கண்ணும் வல்லுநர் கண்ணும் ஒரே படத்தின்மேல் பதிந்தன. ரசிகர் சுவை தாழ்ந்தது என்னும் முற்கோள் அந்த முதல் சான்றிலேயே தளர்ந்துவிடுகிறது.

மறுதலையான சான்றும் உண்டு. 1954ஆம் ஆண்டுத் தமிழ்ப் படங்களுள் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞரின் புதினத்தைத் தழுவி, மு. கருணாநிதியின் உரையாடலோடு, கோவை பட்சிராஜா நிறுவனம் எடுத்து எம்.ஜி.ஆர். நடித்த பெருவெற்றிப் படம் அது. பாடலே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' அதற்கு அடுத்த நிலையில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. இன்று திரைப்பட ஆய்வாளர் பலரும் அவ்வாண்டின் அரிய முயற்சியாக 'அந்த நாள்' படத்தையே குறிப்பிடுவர். மக்கள் திரண்டு கண்ட படத்தை அரசுக் குழுவே முன்னிறுத்தியது. எனவே 'விருதுப் படம்', 'ஓடும் படம்' என்ற பிரிவினை விருதுகளோடு உடன் பிறந்ததன்று, பிற்காலத்தில் வளர்ந்தது.

பாடியவர் பெயர்

ரசிகரின் வினா விருதின் அமைப்புவரை சென்ற வரலாற்றைத் திரையிசையில் தெளிவாகக் காணலாம். 1949ஆம் ஆண்டு வெளிவந்த 'மகல்' படத்தின் புகழ்பெற்ற பாடல் இசைத்தட்டில் பாடியவர் பெயராகக் 'காமினி' என்று அச்சிடப்பட்டிருந்தது. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். இக்குரல் யாருடையது என வானொலிக்கு நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்டதும், லதா மங்கேஷ்கரின் பெயர் வெளிப்பட்டதும் இசை வரலாற்றாசிரியர் பலர் பதிவு செய்த செய்தி. திரையில் வாயசைப்பவரும் பாடுபவரும் வேறு என்பதை ஏற்று, பாடுபவரைத் தனிக் கலைஞராக முதலில் நாடியவர்கள் கேட்போரே.

1952ஆம் ஆண்டு முதல் இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா' இந்த ஆர்வத்தை வாரந்தோறும் வரிசைப்படுத்தியது. இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் கருத்தும் அவ்வரிசைக்கு அடிப்படையாயிற்று. ஆனால் விருது மேடையில் பாடகருக்கு இடமில்லை. 1957ஆம் ஆண்டு 'சோரி சோரி' படத்திற்காகச் சங்கர் - ஜெய்கிஷன் இணையர் ஃபிலிம்ஃபேர் இசை விருது பெற்றபோது, அப்படத்தின் பாடலை விழாவில் பாட லதா மறுத்தார். பாடுவோர்க்கும் பாடல் எழுதுவோர்க்கும் விருது இல்லாதபோது விழாவில் பாடுவது எதற்கு என்பது அவர் வாதம். 1959ஆம் ஆண்டு பின்னணிப் பாடகர்க்கான விருது ஏற்படுத்தப்பட்டு, 'மதுமதி' படப் பாடலுக்காக அவருக்கே முதலில் வழங்கப்பட்டது. ஆண், பெண் இருபாலர்க்கும் அது தனித்தனியானது 1968ஆம் ஆண்டில்தான். நேயர் கடிதம் தொடங்கிய வினா விருதாக முதிரப் பத்து ஆண்டுகள் ஆயின. அந்த முதிர்ச்சியில் லதாவின் துணிவே முதற்காரணம். எனினும் அத்துணிவின் பின்னால் அவர் பெயரைக் கேட்டு அறிந்திருந்த கோடிச் செவிகள் இருந்தன என்பதை விலக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுத இயலாது.

தேசிய விருதில் பின்னணிப் பாடகர்க்கான பிரிவு இன்னும் பிந்தி, 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கியது. பாடகியர்க்கான முதல் விருதை 1968ஆம் ஆண்டின் 'உயர்ந்த மனிதன்' படப் பாடலுக்காகப் பெற்றவர் பி. சுசீலா. தமிழ்ப் பாடல் ஒன்றே அந்த வரிசையைத் தொடங்கி வைத்தது. அதே பட்டியலில் டி.எம். சௌந்தரராஜன் பெயர் இறுதிவரை இடம்பெறவில்லை என்பது தமிழ் ரசிகரின் தீராத வழக்குகளுள் ஒன்று.

விருது பெறுவோரே ரசிகரின் பக்கம் நின்று பேசியதும் உண்டு. 'தேவதாஸ்' படத்தில் தாம் ஏற்ற சந்திரமுகி துணைப்பாத்திரம் அன்று என்று கூறி, 1957ஆம் ஆண்டு துணை நடிகை விருதை வைஜயந்திமாலா ஏற்க மறுத்தார். 1973ஆம் ஆண்டு 'பேயீமான்' படத்திற்காகக் கிடைத்த துணை நடிகர் விருதை நடிகர் பிராண் மறுத்தார். 'பாகீசா' படத்திற்கு அழியா இசை தந்து, அது வெளிவருமுன் மறைந்துவிட்ட குலாம் முகம்மதுக்கு இசை விருது மறுக்கப்பட்டு, 'பேயீமான்' இசைக்கு அது சென்றதே காரணம். அவ்வாண்டு எந்த ரசிகரும் பேசியிருக்கக்கூடிய சொற்களை விருதாளர் ஒருவர் பேசினார். ரசிகர் பேசினால் அரட்டை, பிராண் பேசினால் வரலாறு.

நடிகர் திலகமும் பாரத் விருதும்

தமிழ் ரசிகரின் விருது வழக்குகளுள் தலையாயது சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறையும் கிட்டவில்லை என்பது. இதனை உணர்ச்சியாக மட்டும் கொள்ளாமல் சான்றுகளோடு பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் இவ்வழக்கில் வலுவற்ற பகுதியும் உண்டு, மறுக்கவியலாத பகுதியும் உண்டு.

தேசிய விருதில் நடிப்புக்கான பிரிவே 1967ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் வந்தது. நடிகர்க்கு 'பாரத்', நடிகைக்கு 'ஊர்வசி' எனப் பெயரிட்டனர். உத்தம் குமாரும் நர்கிசும் முதலில் அவற்றைப் பெற்றனர். எனவே 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'பாசமலர்' (1961), 'கப்பலோட்டிய தமிழன்' (1961), 'கர்ணன்' (1964), 'திருவிளையாடல்' (1965) ஆகிய படங்களைச் சுட்டி 'தரவில்லையே' என்று கேட்பதில் பொருளில்லை. அன்று அவ்விருது எம்மொழி நடிகருக்கும் இல்லை. கெய்ரோவில் 1960ஆம் ஆண்டு நடந்த ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழா 'கட்டபொம்மன்' படத்திற்காகச் சிவாஜியைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தபோது, தன் நாட்டில் அதற்கு இணையான பிரிவே இல்லாதிருந்தது என்பதுதான் சரியான முறையீடு.

1967க்குப் பிந்திய பட்டியலைப் பார்ப்போம். அசோக் குமார், உத்பல் தத், சஞ்சீவ் குமார், எம்.ஜி.ஆர்., மீண்டும் சஞ்சீவ் குமார், பி.ஜே. ஆன்டனி என வரிசை செல்கிறது. அதே காலத்தில் 'தில்லானா மோகனாம்பாள்' (1968), 'தெய்வமகன்' (1969), 'வியட்நாம் வீடு' (1970), 'கௌரவம்' (1973) ஆகியவை வந்தன. 'தில்லானா மோகனாம்பாள்' சிறந்த தமிழ்ப் படமாகவும் தேர்வு பெற்றது. 'தெய்வமகன்' ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இங்கே ரசிகர் தம்மைத்தாமே ஒரு வினா கேட்டுக்கொள்ள வேண்டும். மதுரையில் 'கௌரவம்' கண்டவர் எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நிர்மால்யம்' கண்டாரா? வறுமையுற்ற வெளிச்சப்பாடாக ஆன்டனி நடித்த அப்படத்தைக் கண்ட எவரும் அவ்வாண்டின் தேர்வைக் குறைகூறுதல் அரிது. நடுவர் பல மொழிகளைப் பார்த்தார். ரசிகர் பெரும்பாலும் ஒரு மொழியைப் பார்த்தார். ரசிகர் வழக்கின் இயல்பான எல்லை இது.

ஆனால் நடுவருக்கும் எல்லை உண்டு. சிவாஜியின் நடிப்பு நாடக மேடையிலிருந்து வளர்ந்தது. அதன் உயிர் உரையாடலின் ஏற்ற இறக்கத்தில் உள்ளது. இலக்கியத் தமிழின் எதுகை மோனையும் மூச்சளவும் கண்ணின் அசைவும் ஒருங்கே இயங்கும் அக்கலையைத் தமிழறியாத நடுவர் திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளைக் கொண்டு எவ்வளவு உணர்ந்திருக்க முடியும்? 1972ஆம் ஆண்டு சஞ்சீவ் குமாருக்கு விருது பெற்றுத்தந்த 'கோஷிஷ்' படத்தில் அவர் ஏற்றது பேசவும் கேட்கவும் இயலாதவர் பாத்திரம் என்பது எண்ணத்தக்கது. சஞ்சீவ் குமார் தகுதியற்றவர் என்பது இதன் பொருளன்று. அப்படத்தில் அவர் நடிப்பு அற்புதமானது. பன்மொழி நடுவர் அவையில் பேசாத நடிப்பு எல்லை கடந்து செல்கிறது, பேசும் நடிப்பு மொழியின் வாயிலில் நின்றுவிடுகிறது என்பதே இங்குப் பெறப்படும் கருத்து. செய்யுளை மொழிபெயர்ப்போர் நன்கறிந்த இடர் இது.

1971ஆம் ஆண்டு 'ரிக்சாக்காரன்' படத்திற்காக எம்.ஜி.ஆர். பாரத் விருது பெற்றார். தமிழ் நடிகர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. சிவாஜி ரசிகர் அதற்கு அரசியல் காரணம் கற்பித்தனர், எம்.ஜி.ஆர். ரசிகர் அதனைப் பொறாமை என்றனர். இருவரும் அரங்கிற்கு வெளியே கைகலந்ததைக்கூட அக்காலத்தவர் நினைவுகூர்வர். ஆயினும் இப்பூசலின் ஊடே நடிப்பு என்றால் என்ன என்னும் அடிப்படை வினாவை ஆயிரக்கணக்கானோர் விவாதித்தனர் என்பதைக் கவனித்தல் வேண்டும். பாத்திரமாக உருமாறுதல் நடிப்பா, பாத்திரத்தைத் தம் ஆளுமைக்குள் ஈர்த்துக்கொள்ளுதல் நடிப்பா? மேலைநாட்டு நாடகவியலார் நூல்களில் விரிவாகப் பேசிய சிக்கலை நம் ரசிகர் இருவர் பெயரை வைத்துப் பேசினர்.

இவ்வழக்கின் மறுக்கவியலாத பகுதி 1985ஆம் ஆண்டைச் சார்ந்தது. பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'யில் சிவாஜி தம் உரத்த நடையை அடியோடு துறந்தார். ஊர்ப் பெரியவரின் அடங்கிய துயரைப் பார்வையாலும் தயக்கத்தாலும் காட்டினார். மொழியின் வாயில் பற்றி மேலே கூறிய விளக்கம் இப்படத்திற்குப் பொருந்தாது. அப்படம் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது பெற்றது. பாடல்களுக்காக வைரமுத்து தம் முதல் தேசிய விருதைப் பெற்றார். நடிகருக்கான விருது 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்தில் நடித்த சசி கபூருக்குச் சென்றது. சசி கபூர் அப்படத்தில் நேர்த்தியாகவே நடித்தார். ஆனால் இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், 'முதல் மரியாதை'யின் மையத்தை நடுவர் கண்டும் காணாது விட்டனர் என்றே கருதுகிறேன். பின்னர் 1992ஆம் ஆண்டின் 'தேவர் மகன்' படத்திற்காகச் சிவாஜிக்குக் கிடைத்தது நடுவர் குழுவின் சிறப்பு விருது. 1996ஆம் ஆண்டிற்கான தாதாசாகேப் பால்கே விருது அவர் வாழ்நாள் பணிக்கானது. இரண்டும் பெருமைக்குரியனவே. ஆனால் ரசிகர் கேட்டது ஒரு குறிப்பிட்ட நடிப்புக்கான ஏற்பு. அவ்வேறுபாட்டை ரசிகர் உணர்ந்திருந்தனர் என்பதே அவர்தம் வழக்கின் நுட்பம்.

ஞாயிறு பிற்பகல்

மக்கள் விரும்பும் படத்திற்கும் விருது பெறும் படத்திற்கும் இடைவெளி விரிந்ததை அரசும் உணர்ந்தது. 1975ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, நல்ல பொழுதுபோக்கை அளிக்கும் வெகுமக்கள் படத்திற்கெனத் தேசிய விருதில் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. சேரனின் 'ஆட்டோகிராப்' (2004) தமிழில் அதனைப் பெற்ற படங்களுள் ஒன்று. இப்பிரிவு ரசிகரை மதித்ததா, அல்லது அவரைத் தனிப்பந்தியில் அமர்த்தியதா என்பது விவாதத்திற்குரியது. எனக்குப் பின்னதே சரியெனப் படுகிறது.

இதற்கு மாறாக, விருதுப் படத்தை வெகுமக்களிடம் கொண்டு சென்ற ஓர் ஏற்பாடு தற்செயலாக அமைந்தது. 1980களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் விருது பெற்ற மாநில மொழிப் படங்களை ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளுடன் நாடு முழுவதும் ஒளிபரப்பியது. தில்லி, பம்பாய், கல்கத்தா நகரங்களில் வாழ்ந்த தமிழர்க்கு அது ஊர்வாசனை. தம் மொழி முறைக்கு வாரக்கணக்கில் காத்திருந்தனர். காத்திருந்த வாரங்களில் கன்னடம், மலையாளம், அசாமியம், ஒரியா எனப் பிறமொழிப் படங்களையும் கண்டனர். 'நிர்மால்யம் பார்த்தாரா' என மேலே எழுப்பிய வினாவுக்கு அந்தத் தலைமுறை 'பார்த்தோம்' என்னும் வகையில் விடை கூறத்தக்கதாயிற்று. தமிழகத்திற்கு வெளியே வளர்ந்த தமிழ் ரசிகரின் விருது வாதங்களில் ஒப்பீட்டுத் தன்மை மிக்கிருப்பதற்கு இது ஒரு காரணம்.

1990ஆம் ஆண்டுப் படங்களுள் தங்கத்தாமரை பெற்ற முதல் தமிழ்ப் படமாக 'மறுபக்கம்' அமைந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றுவித்த இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' புதினத்தைத் தழுவிக் கே.எஸ். சேதுமாதவன் இயக்கியது அது. சிறந்த படத்திற்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை 1965ஆம் ஆண்டே மலையாளச் 'செம்மீன்' வென்றிருந்தது. 'செம்மீன்' கேரள மக்கள் கொண்டாடிய படம். 'மறுபக்கம்' தமிழ்த் திரையரங்குகளில் பரவலாக ஓடாத படம். தமிழுக்குக் கிடைத்த முதற்பெருமையைத் தமிழ் ரசிகர் பெரும்பாலோர் செய்தியாகவே அறிந்தனர். பிரியதர்சனின் 'காஞ்சிவரம்' (2007) இரண்டாம் முறை அப்பெருமையைக் கொணர்ந்தபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இதில் குற்றம் ரசிகருடையது என்பார் உளர். காட்டப்படாத படத்தைக் காணாதிருந்தது எவ்வாறு குற்றமாகும்?

எண்ணிக்கையான குரல்

1990களின் நடுப்பகுதியிலிருந்து தொலைக்காட்சி விருது விழாவைத் தன் நிகழ்ச்சியாக்கிக் கொண்டது. ஸ்கிரீன், ஜீ சினி, 2000ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய பன்னாட்டு இந்தியத் திரைப்பட விருது எனப் பல விழாக்கள் தோன்றின. ஆண்டின் முதல் மாதங்கள் 'விருதுப் பருவம்' என்றே பெயர்பெற்றன. தமிழில் விஜய் தொலைக்காட்சி 2007ஆம் ஆண்டு முதல் நடத்திய விருதுகள், நடுவர் தேர்வு ஒருபுறமும் பார்வையாளரின் 'அபிமான' தேர்வு மறுபுறமுமாக இரண்டாகப் பகுத்துக் கொண்டன. சிறந்த நடிகர் ஒருவர். அபிமான நடிகர் வேறொருவர். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. விழாவும் நெடுநேரம் நீண்டது!

1954ஆம் ஆண்டு வாசகர் இதழைப் படித்து, எண்ணி, தபாலில் வாக்களித்தார். குறுஞ்செய்தி வாக்களிப்பில் ஒரே கைப்பேசி பன்முறை பேசலாம். ரசிகர் மன்றம் ஒருங்கிணைந்து குவிக்கலாம். அதனினும் பெரிய மாற்றம் வேறொன்று. பழைய ஆனந்த விகடன் 1960களில் திரை விமர்சனத்தை இரு பார்வையாளரின் உரையாடலாக வெளியிட்டது. ஒருவர் புகழ, மற்றவர் மறுக்க, படம் இருவருக்கிடையே துலங்கும். பிற்காலத்தில் அவ்விதழ் மதிப்பெண் முறைக்கு வந்தது. '16 வயதினிலே' பெற்ற 62.5 மதிப்பெண் இன்றளவும் ரசிகர் நாவில் நிற்கிறது. அம்மதிப்பெண்ணுக்கு விகடன் கூறிய காரணங்கள் எத்தனை பேர் நினைவில் உள்ளன? எண் நின்றது, வாதம் மறைந்தது. அலைவரிசைகள் தத்தம் தொடர்களுக்கும் கலைஞர்க்கும் தாமே வழங்கிக்கொள்ளும் 'குடும்ப' விருதுகளைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. தருவோரும் பெறுவோரும் ஓரில்லத்தவர்.

விருதின் நேர்மை பற்றிய ஐயம் ரசிகரிடம் நெடுநாள் இருந்தது. 2017ஆம் ஆண்டு வெளிவந்த தம் தன்வரலாற்றில், 'பாபி' படத்திற்கான விருதைப் பணம் கொடுத்துப் பெற்றதாக ரிஷி கபூர் எழுதினார். தொகை முப்பதாயிரம் ரூபாய். அவ்வாண்டு 'சஞ்சீர்' படத்திற்காக அமிதாப் பச்சனுக்கு அது கிட்டியிருக்க வேண்டும் எனப் பேசிவந்த ரசிகரின் ஐயத்திற்கு நாற்பது ஆண்டு கழித்து ஒரு சான்று கிடைத்தது.

அரசு விருதுகளில் வேறுவகைச் சிக்கல்கள். தமிழ்நாடு அரசின் 2009 முதல் 2014 வரையிலான ஆறாண்டுத் திரைப்பட விருதுகள் 2017ஆம் ஆண்டு மொத்தமாக அறிவிக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் வழங்கப்பெற்றன. எட்டும் பத்தும் ஆண்டுகள் கடந்தபின் ரசிகர் எதை வாதிடுவார்? விருதுக்குப் பருவம் வேண்டும் என்பது வெற்று ஆரவாரத்திற்கான கோரிக்கையன்று. படத்தின் நினைவு பசுமையாக உள்ளபோதே மதிப்பீடு விவாதத்திற்கு வரவேண்டும் என்பதாம். 2018ஆம் ஆண்டு தேசிய விருது விழாவில் குடியரசுத் தலைவர் பதினொரு பேருக்கு மட்டுமே நேரில் வழங்குவார் என அறிவிக்கப்பட்டதால் விருதாளர் பலர் விழாவைப் புறக்கணித்தனர். யார் கையால் என்பதும் விருதின் பொருளில் ஒரு பகுதி என்பதை அந்நிகழ்வு காட்டியது.

அண்மைய வழக்கு

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், 2021ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டன. 'ஜெய் பீம்' படத்திற்கு ஒரு விருதும் இல்லை. பழங்குடி மக்கள்மீதான காவல்துறைக் கொடுமையைப் பேசிய அப்படம் திரையரங்குக்கு வாராமல் இணையவழியே வெளிவந்து பரவலாகப் பேசப்பட்டது. ரசிகரும் திரையுலகினர் சிலரும் சமூக ஊடகங்களில் தம் ஏமாற்றத்தைத் தெரிவித்தனர். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. நடுவர் குழுவின் விவாதங்கள் வெளியிடப்படுவதில்லை. தேர்வு பெற்றதற்கு ஓரிரு வரிக் காரணம் கிடைக்கும், தேர்வு பெறாததற்கு ஒன்றும் கிடைக்காது. சிவாஜி காலத்திலிருந்து தொடரும் அதே சுவர்.

ஆனால் அந்த ஆரவாரத்தில் மற்றொன்று அமுங்கிப் போயிற்று. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வு பெற்றது மணிகண்டனின் 'கடைசி விவசாயி'. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அது திரையரங்குக்கு வந்தது. எனினும் தேசிய விருது தணிக்கைச் சான்றின் ஆண்டைக் கணக்கிடுவதால் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றது. இவ்விதியை அறியாத பலர் 'அடுத்த ஆண்டுப் படத்துக்கு இந்த ஆண்டு எப்படி?' என்று கேட்டனர். அப்படத்தின் முதன்மைப் பாத்திரமாகத் தோன்றிய நல்லாண்டி, தொழில்முறை நடிகர் அல்லர். மண்ணில் உழைத்த முதியவர். படம் வெளிவருமுன்பே அவர் காலமாகிவிட்டார். நடுவர் குழு அவருக்குச் சிறப்புக் குறிப்பு அளித்தது. பேச்சின் கலையால் உயர்ந்த ஒருவருக்கு மறுக்கப்பட்ட ஏற்பு, நடிப்பு என்று அறியாமலே நடித்த ஒருவரை வந்தடைந்தது. 'ஜெய் பீம்' பற்றி ஆயிரம் வரி எழுதிய ரசிகர் நல்லாண்டிக்கு நான்கு வரி எழுதியிருக்கலாம், சிலர் எழுதினர்.

இவ்வாறு எழுதப்பட்டவை எங்கே உள்ளன என்பது ஆய்வாளர் முன்னுள்ள நடைமுறைச் சிக்கல். விருது பெற்றோர் பட்டியல்கள் அச்சில் உள்ளன. வாசகர் அனுப்பிய வாக்குச் சீட்டுகளைத் தேடி எவரும் புறப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பி.ஆர்.எஸ். கோபாலின் 'குண்டூசி', 'பேசும் படம்' முதலிய இதழ்களின் கேள்வி - பதில் பகுதிகள் உள்ளன. ஊர்ப்பெயரோடு ஒரு வரிக் கேள்வியாக ரசிகர் தம் வழக்கை அங்குப் பதிந்துள்ளனர். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய திரை இதழ்கள் பாதுகாக்கப்படுகின்றன. பாரத் விருது 'ரிக்சாக்காரன்' படத்திற்குக் கிடைத்த காலத்தின் இதழ்களையும், 'முதல் மரியாதை'க்கு விருதுகள் அறிவிக்கப்பட்ட காலத்தின் இதழ்களையும் அருகருகே வைத்துக் கேள்விகளை மட்டும் படித்தால், பதினான்கு ஆண்டுகளில் தமிழ் ரசிகர் நடிப்பைப் பற்றிப் பேசிய சொற்கள் எவ்வாறு மாறின என்பதைக் கண்டறியலாம். முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பரப்பு அது. பதில்களைவிடக் கேள்விகளுக்கு முதன்மை தரும் ஆய்வாளர் ஒருவர் வேண்டும்.